வக்கீலின் அமானிதம்
தனி வழக்கறிஞர் அலுவலகமும் இரகசியக் காப்பு ஒப்பந்தமும்

'வக்கீல்', 'வக்காலத்து' என்னும் சொற்களை நாம் நாள்தோறும் வழங்குகின்றோம். இரண்டும் ஒருவர் தம் காரியத்தை மற்றொருவரிடம் ஒப்படைத்தலைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து தோன்றி, பாரசீகத்தின் வழியாக நம் நீதிமன்றங்களை அடைந்தவை. இன்று 'வக்காலத்து வாங்குதல்' என்பது கேளாமலே பிறருக்காகப் பரிந்து பேசுவதைச் சற்றே இகழ்ச்சியாகச் சுட்டும் வழக்காகிவிட்டது. ஆயின் ஃபிக்ஹு நூல்களில் 'வகாலா' என்பது தனியோர் இயலாக விரிவாக ஆராயப்பட்டுள்ளது. 1869 முதல் 1876 வரை உதுமானியப் பேரரசில் தொகுக்கப்பட்ட 'மஜல்லா' சட்டத் தொகுப்பு, அமானிதங்களுக்கு ஒரு நூலையும் வகாலத்துக்கு மற்றொரு நூலையும் ஒதுக்கியது. இவ்விரண்டையும் இணைக்கும் கருத்து ஒன்றுண்டு. வக்கீலின் கை அமானிதத்தின் கை என்பதே அது. அவர் வரம்பு மீறினாலோ கவனக்குறைவாக நடந்தாலோ அன்றி, தம் பொறுப்பில் உள்ளது சேதமுற்றதற்கு ஈடு தர வேண்டியதில்லை. மீறினால் அல்லது அசட்டையாக இருந்தால் பொறுப்பு முழுவதும் அவருடையதே.

அமானிதம் என்றவுடன் பணமும் நகையும் பத்திரமும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் வழக்கறிஞரை நாடி வரும் ஒருவர் முதன்முதலில் ஒப்படைப்பது இவற்றுள் எதுவுமன்று. ஒரு செய்தியையே அவர் ஒப்படைக்கின்றார். தம் திருமண வாழ்வின் முறிவை, வணிகத்தின் கடன் சுமையை, உடன்பிறந்தார் மீது கொண்ட ஐயத்தை, சில வேளைகளில் தாம் செய்த குற்றத்தை, வேறெவரிடமும் சொல்லாத ஒன்றை அவர் சொல்கின்றார். பறிபோன பணத்தை மீட்க வழியுண்டு. வெளியே சென்ற செய்தியை மீட்க எந்த நீதிமன்றத்தாலும் இயலாது. ஒருவர் பேசிவிட்டு அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தாரெனின் அப்பேச்சே அமானிதம் ஆகிவிடுகிறது என்னும் கருத்துடைய நபிமொழி அபூதாவூதிலும் திர்மிதியிலும் பதிவாகியுள்ளது. 'இதை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று அவர் வாய்விட்டுக் கேட்டிருக்க வேண்டிய தேவையுமில்லை என்பது ஈண்டு உணரத்தக்கது.

பெரிய சட்ட நிறுவனங்களில் இவ்வமானிதத்தைக் காப்பதற்கென விதிகளும் பணியாளர்களும் கணினிப் பாதுகாப்பு ஏற்பாடுகளும் உள்ளன. நம் மாவட்ட நீதிமன்றங்களைச் சூழ்ந்துள்ள அலுவலகங்களோ பெரும்பாலும் ஒரே வழக்கறிஞரைக் கொண்டவை. அவர் ஒருவர், ஆனால் அவர்தம் கட்சிக்காரரின் செய்தி கடந்து செல்லும் கைகள் பல. அக்கைகள் யாவற்றையும் சட்டம் கட்டுப்படுத்துகின்றதா, கட்டுப்படுத்தாத இடத்தில் எழுத்து மூலமான ஓர் ஒப்பந்தம் எதைச் செய்ய வல்லது, எதைச் செய்ய வல்லதன்று என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

சட்டம் தரும் காப்பு

வழக்கறிஞரைத் தம் கட்சிக்காரருக்கு எதிராகச் சாட்சி சொல்லுமாறு கட்டாயப்படுத்தலாகாது என்னும் கொள்கை பழைமையானது. இங்கிலாந்தில் 1577ஆம் ஆண்டின் பெர்ட் எதிர் லவ்லேஸ் வழக்கில், தம் கட்சிக்காரர் பற்றிச் சாட்சியளிப்பதிலிருந்து ஒரு வழக்கறிஞருக்கு விலக்களிக்கப்பட்டது. தொடக்கத்தில் இவ்விலக்கு வழக்கறிஞரின் கண்ணியத்தைச் சார்ந்ததாகவே கருதப்பட்டது. தம்மிடம் சொல்லப்பட்டதை வெளியிடுவது பண்புடைய ஒருவருக்கு இழுக்கு என்பதே அதன் காரணம். காலப்போக்கில் இக்கருத்து மாறிற்று. 1833இல் கிரீனோ எதிர் காஸ்கெல் வழக்கில் பிரௌம் பிரபு இதன் அடிப்படையைத் தெளிவாக்கினார். சட்டம் அறிந்தவரிடம் அச்சமின்றி உண்மையைச் சொல்ல இயலாவிடில் எவரும் சட்ட உதவியை நாடத் துணியமாட்டார். நீதி நிர்வாகமே அதனால் பழுதுறும் என்பது அவர் காட்டிய காரணம். ஆகவே இவ்வுரிமை வழக்கறிஞருடையதன்று, கட்சிக்காரருடையது. அதனை விட்டுக்கொடுக்கும் அதிகாரமும் அவருக்கே உண்டு.

ஜேம்ஸ் ஃபிட்ஜேம்ஸ் ஸ்டீஃபன் வரைந்த 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டம் இக்கொள்கையைத் தன் 126ஆம் பிரிவில் அமைத்தது. பாரிஸ்டர், அட்டர்னி, பிளீடர் ஆகியோருடன் 'வக்கீல்' என்னும் சொல்லையும் அப்பிரிவு அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தது. அதே முன்மாதிரியைத் தழுவிய இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டமும் இக்காப்பை வழங்கிற்று. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் 2023ஆம் ஆண்டு பாரதிய சாக்ஷிய அதினியம் நடைமுறையில் உள்ளது. அதன் 132ஆம் பிரிவு பழைய 126ஆம் பிரிவின் சாரத்தைத் தாங்கி நிற்கின்றது.

அப்பிரிவின்படி, கட்சிக்காரரின் வெளிப்படையான இசைவின்றி மூன்றை வழக்கறிஞர் வெளியிடலாகாது. தொழில்முறையில் தம்மிடம் சொல்லப்பட்ட செய்தி ஒன்று. தொழில்முறையில் தாம் அறிந்த ஆவணத்தின் உள்ளடக்கமும் நிலையும் மற்றொன்று. தாம் வழங்கிய அறிவுரை மூன்றாவது. தொழில் உறவு முடிந்த பின்னரும் இக்கடமை தொடர்கின்றது.

இதற்கு விலக்குகளும் உள்ளன. சட்டவிரோத நோக்கத்தை நிறைவேற்றுவதற்காகச் சொல்லப்பட்ட செய்திக்குக் காப்பில்லை. வழக்கறிஞர் பணியேற்ற பின் குற்றமோ மோசடியோ நிகழ்ந்ததைக் காட்டும் உண்மையை அவரே கண்டறிந்தால் அதற்கும் காப்பில்லை. சட்டத்தின் எடுத்துக்காட்டுகள் இவ்வேறுபாட்டை அழகாக விளக்குகின்றன. போலி ஆவணம் தயாரித்துவிட்டதாகக் கூறித் தமக்காக வாதாடும்படி ஒருவர் கேட்கின்றார். குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடுவது குற்றமன்று ஆதலால் அச்செய்தி காக்கப்படும். போலி ஆவணத்தைக் கொண்டு ஒரு சொத்தைக் கைப்பற்ற வழக்குத் தொடுக்குமாறு மற்றொருவர் கேட்கின்றார், அச்செய்தி காக்கப்படாது. நடந்துவிட்ட தவற்றைச் சொல்பவருக்குக் காப்புண்டு. நடத்தப்போகும் தவற்றுக்குத் துணை தேடுபவருக்கு இல்லை.

இந்திய பார் கவுன்சிலின் தொழில் ஒழுக்க விதிகளும் இக்கடமையை நேராகவோ மறைமுகமாகவோ மீறலாகாது என்கின்றன. மீறுபவர் 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆம் பிரிவின்கீழ் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாவார். எனவே வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையே இரகசியம் காப்பதற்கெனத் தனியோர் ஒப்பந்தம் தேவைப்படுவதில்லை. அது சட்டத்தாலேயே பிறந்த கடமை. ஒப்பந்தம் தேவைப்படும் இடம் வேறு.

சட்டத்தின் கை எட்டாத இடங்கள்

132ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு மொழிபெயர்ப்பாளர்களையும் வழக்கறிஞரின் குமாஸ்தாக்களையும் பணியாளர்களையும் இக்கடமைக்குள் கொண்டுவருகின்றது. இது போதுமானதெனத் தோன்றலாம். இரண்டு காரணங்களால் அது போதுமானதன்று.

முதலாவது, இப்பிரிவின் முதன்மைக் களம் சாட்சியமே. வழக்கறிஞரின் குமாஸ்தாவைக் கூண்டிலேற்றிக் கட்சிக்காரரின் செய்தியைக் கறக்க இயலாது என்பதே அதன் நேரடிப் பயன். ஆனால் செய்திகள் பெரும்பாலும் சாட்சிக் கூண்டில் கசிவதில்லை. தேநீர்க் கடையிலும் திருமண வீட்டிலும் கசிகின்றன. அவ்வாறு கசியவிட்ட வழக்கறிஞர் மீது பார் கவுன்சிலில் முறையிடலாம். குமாஸ்தா அக்கழகத்தின் ஒழுங்கு அதிகாரத்திற்குட்பட்டவர் அல்லர்.

இரண்டாவது, தனி அலுவலகத்தில் செய்தியைத் தொடும் பலர் பணியாளர்களே அல்லர். சென்னை உயர் நீதிமன்றத்தின் எதிரே தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, அர்மேனியன் தெரு ஆகியவற்றின் மாடிகளில் உள்ள சிறு அறைகளை எண்ணிப் பார்ப்போம். வாடகைச் சுமையால் ஓர் அறையை இருவரோ மூவரோ பகிர்ந்துகொள்வதுண்டு. ஒவ்வொருவரும் தனித்தனியே தொழில் நடத்துபவர். ஆயினும் அச்சுப்பொறி ஒன்று, தட்டச்சர் ஒருவர், அலமாரி ஒன்று. மனுவின் நகல்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் எடுக்கப்படுகின்றன. கணினி பழுதுற்றால் அதனைக் கடைக்காரர் தம் இடத்திற்கே எடுத்துச் செல்கின்றார். வருமான வரிக் கணக்கர் கட்சிக்காரர்களின் பெயர்ப் பட்டியலைக் காண்கின்றார். சட்டக் கல்லூரி மாணவர் ஒரு மாதப் பயிற்சிக்கு வந்து கோப்புகளைப் படித்துச் செல்கின்றார். இவர்களுள் எவரை 'பணியாளர்' எனக் கொள்வது, எவரை வெளியார் எனக் கொள்வது என்பது வழக்கு எழுந்த பின்னரே வாதிக்கப்படும். அதற்குள் சேதம் நிகழ்ந்திருக்கும்.

சேதம் எத்தகையது? கணவரின் கொடுமைக்கு அஞ்சி உறவினர் வீட்டில் தங்கியிருக்கும் பெண்ணின் முகவரி, அவர்தம் மனுவின் நகல் வழியே வெளியாகலாம். சமரசப் பேச்சில் தாம் எத்தொகைக்கு இறங்கி வருவார் என வணிகர் வழக்கறிஞரிடம் மட்டும் கூறியது எதிர்த்தரப்பை எட்டலாம். பாகப்பிரிவினையில் இன்னும் தாக்கல் செய்யப்படாத ஓர் ஆவணத்தைப் பற்றிய செய்தி முன்கூட்டியே பரவலாம். இம்மூன்றிலும் எவரும் கையூட்டு வாங்கியிருக்க வேண்டியதில்லை. 'இதிலென்ன' என்னும் எண்ணமே போதும்.

எவருடன் ஒப்பந்தம்?

முதலில் குமாஸ்தாவும் தட்டச்சரும். பல்லாண்டு உடனிருக்கும் குமாஸ்தாவிடம் கையொப்பம் கேட்பதை அவர்மீது கொண்ட ஐயமாகக் கருதித் தயங்குவோர் உளர். இத்தயக்கம் இயல்பானதே, ஆயினும் சரியானதன்று. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் நம்பிக்கையாளர்களை நோக்கியே பேசுகின்றது. எழுதுதல் அவநம்பிக்கையின் அடையாளமன்று. கடமையின் எல்லையை இருவரும் ஒன்றுபோல் அறிந்திருப்பதற்கான வழி.

ஏவல் பணி செய்பவருக்கு இரகசியக் கடமை இருக்க இயலுமா என வினவுவோருக்கு அனஸ் (ரலி) அவர்களின் இளமை நிகழ்வு விடையாகும். சிறுவராயிருந்த அவர்களை நபி (ஸல்) அவர்கள் ஒரு வேலையாக அனுப்பினார்கள். தாமதமாக வீடு திரும்பியவரிடம் தாயார் காரணம் கேட்டபோது, அது இரகசியம் என அவர்கள் மறுத்துவிட்டார்கள். தாயாரும் வற்புறுத்தவில்லை, நபியவர்களின் இரகசியத்தை எவரிடமும் சொல்ல வேண்டாம் என்றே அறிவுறுத்தினார்கள். முஸ்லிம் தொகுப்பில் இடம்பெறும் இந்நிகழ்வில் இரகசியம் காத்தவர் ஒருவரல்லர், இருவர். பணியாளரின் வீட்டாரும் கேளாதிருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது இதில் அடங்கிய பாடம்.

அடுத்து ஜூனியர்களும் பயிற்சி மாணவர்களும். பதிவு செய்த ஜூனியர் வழக்கறிஞர் தாமே தொழில் விதிகளுக்குட்பட்டவர். ஆயினும் அவர் விலகிச் செல்லும்போது எக்கோப்புகளின் படிகளை எடுத்துச் செல்லலாகாது என்பது எழுத்தில் இருத்தல் நன்று. மாணவருக்கோ தொழில் விதி இன்னும் பொருந்தாது. எனவே அவருக்கு ஒப்பந்தம் மிக இன்றியமையாதது. பதினெட்டு வயது நிறையாதவருடன் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பதால், அத்தகைய மாணவரிடம் கோப்புகளைத் தராதிருத்தலே முறை.

மூன்றாவதாக அறையைப் பகிர்ந்துகொள்வோர். ஒரே வழக்கின் இரு தரப்பினரும் ஒரே அறைக்கு வந்து சேரும் இடர் இங்கு உண்டு. புதிய வழக்கை ஏற்குமுன் எதிர்த்தரப்பின் பெயரை மட்டும் ஒருவருக்கொருவர் தெரிவித்துச் சரிபார்த்தல், தனித்தனிப் பூட்டுள்ள அலமாரி, பொதுத் தட்டச்சர் ஒரு தரப்பின் பணியை மட்டும் ஏற்றல் ஆகியவற்றை அவர்கள் தமக்குள் எழுதிக்கொள்ள வேண்டும். பெயரைச் சரிபார்ப்பதுகூடச் சில வேளைகளில் ஒரு வெளியீடே ஆதலால், இப்பகிர்வு பற்றிக் கட்சிக்காரரிடம் முதலிலேயே கூறி இசைவு பெறுதல் வேண்டும்.

நான்காவதாக வெளிச் சேவையாளர்கள். கணக்கர், மொழிபெயர்ப்பாளர், கணினி பழுதுபார்ப்பவர் ஆகியோர் இதிலடங்குவர். ஜெராக்ஸ் கடைக்காரரிடம் ஒப்பந்தம் கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது. அங்கு நம் ஆள் உடனிருந்து நகலெடுத்து வருவதும், பழுதான படிகளைத் திரும்பப் பெறுவதும், இயன்றால் சிறு நகலெடுப்புக் கருவி ஒன்றை அலுவலகத்திலேயே வைத்துக்கொள்வதும் ஒப்பந்தத்தினும் சிறந்தவை.

ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை

ஒப்பந்தம் நீண்டதாக இருக்க வேண்டியதில்லை. ஒரு தாளின் இரு பக்கங்கள் போதும். அது கையொப்பமிடுபவர் படித்தறியக்கூடிய மொழியில் இருத்தல் வேண்டும் என்பதே முதல் நிபந்தனை. ஆங்கிலம் அறியாத குமாஸ்தா ஆங்கிலப் பத்திரத்தில் இட்ட கையொப்பம் சட்டப்படி நிற்பினும், அவர் மனத்தில் எக்கடமையையும் உண்டாக்குவதில்லை. தமிழில் அதன் கருப்பகுதி பின்வருமாறு அமையலாம்:

'இவ்வலுவலகத்தில் நான் காண்பவை, கேட்பவை, தட்டச்சு செய்பவை, எடுத்துச் செல்பவை ஆகிய யாவும் கட்சிக்காரருக்கு உரியவை. ஒருவர் இவ்வலுவலகத்திற்கு வந்தார் என்பதையும் நான் எவரிடமும் கூறமாட்டேன். பணிக்குத் தேவையானதை மட்டும் படிப்பேன். என் சொந்தக் கைப்பேசியில் ஆவணங்களைப் படமெடுக்கவோ சேமிக்கவோ மாட்டேன். பணியிலிருந்து விலகும்போது என்னிடமுள்ள தாள்கள், சாவிகள், கடவுச்சொற்கள் அனைத்தையும் ஒப்படைப்பேன். தவறுதலாக ஏதேனும் வெளியானால் அன்றே வழக்கறிஞரிடம் தெரிவிப்பேன். விலகிய பின்னரும் இக்கடமை என்னைப் பிணிக்கும்.'

இவற்றுள் இரண்டு தனிக் கவனத்திற்குரியவை. வந்தார் என்பதே இரகசியம் என்னும் வாசகம் முதலாவது. விவாகரத்து வழக்குகளை மிகுதியாக நடத்தும் வழக்கறிஞரின் படியில் ஒரு பெண்ணைக் கண்டதாகச் சொன்னாலே போதும்; ஊர் மீதியைத் தானே எழுதிக்கொள்ளும். தவறு நேர்ந்தால் அன்றே தெரிவித்தல் இரண்டாவது. தண்டனைக்கு அஞ்சி மறைக்கப்படும் கசிவே பெருஞ்சேதம் விளைவிப்பது. உரிய நேரத்தில் தெரிவித்தால், முகவரி வெளியான பெண்ணுக்கு வேறிடம் தேடவும் நீதிமன்றப் பாதுகாப்பு கோரவும் காலம் கிடைக்கும். எனவே தாமே முன்வந்து தெரிவிப்பவரை அக்காரணத்திற்காகப் பணிநீக்கம் செய்வதில்லை எனச் சேர்ப்பதும் அறிவுடைமையாகும்.

ஒப்பந்தத்தால் ஆகாதவை

எழுதிவிட்டதாலேயே எல்லாம் செல்லுபடியாகிவிடுவதில்லை. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் சில எல்லைகளை வகுத்துள்ளது. விலகிய ஜூனியர் அதே ஊரில் தொழில் நடத்தலாகாது என்னும் வாசகத்தை இரகசியக் காப்பு என்னும் பெயரில் நுழைத்தால் 27ஆம் பிரிவின்படி அது செல்லாது. இரகசியத்தைக் காக்கச் சொல்லலாம், பிழைப்பைத் தடுக்கலாகாது. அலுவலகத்தில் நடக்கும் குற்றத்தை உரிய அதிகாரியிடம் சொல்லலாகாது எனக் கட்டுப்படுத்தும் வாசகமும் 23ஆம் பிரிவின்முன் நில்லாது. வழக்கறிஞரின் குற்றத்தை மறைக்கும் திரையாக இவ்வொப்பந்தம் பயன்படலாகாது என்பதில் ஷரீஅத்திற்கும் நாட்டுச் சட்டத்திற்கும் வேறுபாடில்லை.

மீறினால் இத்தனை இலட்சம் தர வேண்டும் என அச்சுறுத்தும் தொகையை எழுதுவதும் பயனற்றது. 74ஆம் பிரிவின்படி அத்தொகை உச்ச வரம்பேயன்றி, நீதிமன்றம் அளிப்பது அதற்கு மேற்படாத நியாயமான ஈடு மட்டுமே. மாதம் சில ஆயிரம் ஊதியம் பெறுபவரிடமிருந்து அதனையும் வசூலிப்பது அரிது. கசிவு நிகழவிருப்பதை முன்னறிந்தால் நீதிமன்றத்தில் தடையுத்தரவு கோருவதே பயனுள்ள தீர்வு. அதற்கு எழுத்து மூலமான உடன்பாடு வலுவான அடிப்படையாகின்றது.

ஆக, இவ்வொப்பந்தத்தின் மெய்யான ஆற்றல் வழக்காடுவதில் இல்லை. எது இரகசியம் என்பதை ஒருவர் தெளிவாக அறிந்து, அதனை ஏற்பதாகத் தம் பெயரை எழுதும் கணத்திலேயே அது உள்ளது. ஆண்டுக்கொரு முறை அதனை மீண்டும் படித்துக்காட்டும் வழக்கறிஞர், பெட்டியில் பூட்டி வைப்பவரைவிட நன்கு காக்கப்படுகின்றார்.

கணினியும் கைப்பேசியும்

முற்காலத்தில் கோப்பைப் பூட்டினால் இரகசியம் பூட்டப்பட்டது. இன்று தனி வழக்கறிஞரின் கைப்பேசி ஒன்றிலேயே அவர்தம் கட்சிக்காரர் அனைவரின் செய்திகளும் அடங்கியுள்ளன. அதனால் ஒருவர் மீதான விசாரணை மற்றவர்தம் இரகசியங்களையும் திறந்துவிடும் நிலை தோன்றியது.

2025இல் மூத்த வழக்கறிஞர்களுக்கு, அவர்கள் கட்சிக்காரருக்கு அளித்த சட்டக் கருத்துத் தொடர்பாக அமலாக்கத் துறை அழைப்பாணை அனுப்பியது பெரும் விவாதத்தை எழுப்பிற்று. உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து இப்பொருளை எடுத்துக்கொண்டு 2025 அக்டோபர் 31 அன்று தீர்ப்பளித்தது. 132ஆம் பிரிவின் விலக்குகளுக்குள் அடங்கினாலன்றி, கட்சிக்காரரின் விவரத்தை அறிவதற்காக அவர்தம் வழக்கறிஞரை விசாரணை அதிகாரி அழைக்கலாகாது. அழைத்தால் எவ்விலக்கைச் சார்ந்து அழைக்கின்றார் என்பதைக் குறிப்பிட்டு, காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத மேலதிகாரியின் எழுத்து மூலமான ஒப்புதலைப் பெற்றிருத்தல் வேண்டும் என அது வரையறுத்தது. வழக்கறிஞரின் மின்னணுக் கருவியைப் பெற வேண்டுமாயின் அதனை நீதிமன்றத்திலேயே ஒப்படைக்கச் செய்ய வேண்டும். கட்சிக்காரரும் வழக்கறிஞரும் உடனிருக்கவே அது திறக்கப்பட வேண்டும். பிற கட்சிக்காரர்களின் இரகசியம் பாதிக்கப்படலாகாது. நிறுவனங்களில் முழுநேர ஊதியம் பெறும் சட்ட அலுவலர்களுக்கு 132ஆம் பிரிவின் காப்பு இல்லையென்றும் அத்தீர்ப்புக் கூறுகின்றது.

இக்காப்பைப் பயன்கொள்ள வேண்டுமாயின் வழக்கறிஞரும் தம் பங்கைச் செய்திருக்க வேண்டும். ஒவ்வொரு வழக்கும் தனிக் கோப்புறையில் இருந்தால்தான் பிறருடையதைத் தொடாமல் ஒன்றை மட்டும் திறக்க இயலும். குடும்பத்தார் அனைவரும் கையாளும் கைப்பேசியில் தொழிற்செய்திகளை வைத்துக்கொண்டு இரகசியம் பேணுவதாகக் கூற இயலாது.

2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் இங்குக் குறிப்பிட வேண்டும். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முதன்மைக் கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வரும் வகையில் அவை அமைந்துள்ளன. சட்ட உரிமையை நிலைநாட்டத் தேவையான தரவுக் கையாளுகைக்கு அச்சட்டம் பல கடமைகளிலிருந்து விலக்களிக்கின்றது. ஆயினும் 8ஆம் பிரிவின் முதலாம், ஐந்தாம் உட்பிரிவுகளுக்கு அவ்விலக்கு இல்லை. நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்வது ஐந்தாம் உட்பிரிவு. தம் பொருட்டுப் பிறர் கையாளும் தரவுக்கும், எதிரான உடன்பாடு எதுவாயினும், தாமே பொறுப்பு என்பது முதலாம் உட்பிரிவு. கணினிச் சேவையாளரிடம் ஒப்பந்தம் பெற்றுவிட்டதால் வழக்கறிஞரின் பொறுப்பு இடம்மாறிவிடாது என்பதே இதன் பொருள். அமானிதத்தைப் பிறரிடம் கொடுத்து வைத்தாலும் கேள்வி முதலில் பெற்றுக்கொண்டவரிடமே வரும்.

உறவினர் நடுவே கட்சிக்காரர்

நம் சமுதாயத்தில் தனியே வழக்கறிஞரை நாடிச் செல்பவர் குறைவு. பெண்ணெனில் தந்தையோ அண்ணனோ மாமாவோ உடன் வருவர். சில வேளைகளில் ஜமாஅத் நிர்வாகியும் வருவார். அவர்களே பேசுவர், அவள் தலைகுனிந்து அமர்ந்திருப்பாள். உடன் வருவோரின் பரிவை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் கட்சிக்காரர் யார் என்னும் வினாவுக்கு விடை ஒன்றே: அவள்தான்.

கட்சிக்காரர் சார்பில் பிறர் சொன்னதையும் வழக்கறிஞர் வெளியிடலாகாது எனச் சட்டம் சொல்கின்றது. ஆனால் அப்பிறரின் வாயை அது கட்டுவதில்லை. அறையிலிருந்து கேட்ட உறவினர் நாளை மனம் மாறினால், கேட்டதைச் சொல்வதற்குத் தடையில்லை. அவரைச் சாட்சியாக அழைக்கவும் இயலும். மேலும், மஹரைத் தந்தையே செலவிட்டுவிட்டார் என்பதையோ, கணவருடன் மீண்டும் வாழவே தான் விரும்புவதாகவோ, அண்ணன் முன்னிலையில் அவளால் சொல்ல இயலாது. எனவே தொடக்கத்தில் அனைவரையும் கேட்டபின், சிறிது நேரம் அவளிடம் மட்டும் பேசுவது எல்லா வழக்குகளிலும் கைக்கொள்ளும் பொது வழக்கமாக இருத்தல் வேண்டும். தனிமை குறித்த மார்க்க வரம்பைப் பேண விரும்புவோர், இரகசியக் கடமையை எழுத்தில் ஏற்ற பெண் ஜூனியரையோ பெண் பணியாளரையோ உடன் வைத்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தின் பயன் இங்கு மற்றொரு வகையிலும் வெளிப்படுகின்றது.

கட்சிக்காரருக்குத் தரும் முதற்கடிதத்தில் சிலவற்றைச் சேர்த்தல் நலம். எந்த எண்ணில் அவரை அழைப்பது, வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாமா, உறவினர் எவரேனும் வழக்கின் நிலையைக் கேட்டால் சொல்லலாமா என்பன அவை. இவற்றிற்கு அவர் தம் கையால் எழுதிய விடை, பின்னாளில் 'அண்ணன் கேட்டார், சொன்னேன்' என்னும் பூசலைத் தவிர்க்கும்.

வழக்கறிஞருக்குப் பின்

நிறுவனத்தில் ஒருவர் மறைந்தால் மற்றவர் கோப்பை ஏற்பார். தனி வழக்கறிஞர் திடீரென நோயுற்றாலோ மறைந்தாலோ அலமாரியின் சாவி அவர்தம் மனைவி மக்களின் கைக்குச் செல்கின்றது. அவர்கள் சட்டமறியாதவர்களாயிருக்கலாம். கட்சிக்காரர்களோ தவணை நெருங்கும் பதற்றத்தில் வந்து நிற்பர். அவசரத்தில் கோப்புகள் மாறிக் கைக்குச் செல்வதும், எஞ்சியவை பழைய தாளாக எடைக்குப் போவதும் நிகழக்கூடியவை.

அமானிதங்களை அவற்றின் உரியவரிடம் சேர்ப்பிக்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனம் பணிக்கின்றது. பிறர்தம் பொருள் தம்மிடமிருப்பவர் அதனைத் தம் வஸிய்யத்தில் குறிப்பிட வேண்டும் என ஃபுகஹாக்கள் வலியுறுத்தினர். கட்சிக்காரரின் கோப்புகளும் அத்தகையனவே. தனி வழக்கறிஞர் ஒவ்வொருவரும் நம்பிக்கைக்குரிய மற்றொரு வழக்கறிஞருடன் எழுத்து மூலமான ஏற்பாடு ஒன்றைச் செய்துகொள்ள வேண்டும். தாம் இயலாதபோது அவர் கோப்புகளைப் பொறுப்பேற்பார். கட்சிக்காரரின் பெயரையும் அடுத்த தவணையையும் அறியும் அளவிற்கு மட்டுமே திறப்பார். எதிர்த்தரப்பு வழக்கில் தாமே தோன்றியிருப்பின் அக்கோப்பைத் தொடாமல் வேறொருவரிடம் விடுவார். கட்சிக்காரருக்கு அறிவித்து அவர் விரும்பும் இடத்தில் ஒப்படைப்பார். இருவர் ஒருவருக்கொருவர் இவ்வாறு எழுதிக்கொண்டால் செலவேதுமில்லை. நடப்பு வழக்குகளின் பட்டியலையும் சாவி இருக்குமிடத்தையும் அத்துடன் இணைத்தல் வேண்டும். குடும்பத்தாருக்கும் ஒன்றைச் சொல்லி வைக்க வேண்டும்: அவர் வரும்வரை அலமாரியைத் திறவாதீர்.

இதுகாறும் கூறியவற்றால் ஒன்று தெளிவாகும். சட்டம் வழக்கறிஞரின் நாவைக் கட்டியுள்ளது. குமாஸ்தாவின் நாவை ஓரளவு கட்டியுள்ளது. மற்றவர் நாவைக் கட்டும் பொறுப்பை வழக்கறிஞரிடமே விட்டுள்ளது. அப்பொறுப்பை நிறைவேற்றப் பெரும்பொருளோ பெரிய அலுவலகமோ வேண்டியதில்லை. பணியாளர் ஒவ்வொருவருக்கும் தமிழில் ஒரு தாள், அறைத் தோழருடன் ஓர் உடன்பாடு, பின்னவருக்கென ஓர் ஏற்பாடு, உறவினரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லும் துணிவு ஆகியவையே தேவை. கட்சிக்காரர்களாகிய நாமும் வழக்கறிஞரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் வென்ற வழக்குகளை மட்டும் விசாரிக்கின்றோம். நம் கோப்பை எவரெல்லாம் காண்பர் என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பதும் நம் உரிமை. அக்கேள்விக்கு உடன் விடை தரக்கூடியவரிடமே நம் அமானிதம் பத்திரமாக இருக்கும்.